97 முதல் 112 வரை

சென்னை
9 ஜூலை 2024

அன்புள்ள சாது,

உன் எண்ணுக்கு மூன்று முறை செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவே இல்லை. நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் அம்மாதான், "பவானிபூர் வீட்டை அவா மாத்தியிருக்க மாட்டா, ஒரு லெட்டர் போடேன்" என்றாள். நான் காகிதத்தில் கடைசியாகக் கடிதம் எழுதியதும் உனக்குத்தான், பதினைந்து வயதில்.

என்ன கோபம் என்று தெரியவில்லை. அதை நேரில் வந்து திட்டு. இப்போது ஒரு நல்ல செய்தி. நம் நாவல் மறுபதிப்பு வரப்போகிறது. 'ஜன்னலில் கறுப்புத் தாள்'! நான் வேலை பார்க்கும் பதிப்பகத்தில் முத்துக்குமார் சாரை ஒரு வருடம் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். யுத்தம் முடிந்த கல்கத்தா, விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புத் தாளைக் கிழிக்கும் அம்மா, பார்த்துக்கொண்டு நிற்கும் பதின்மூன்று வயது பங்கஜம். எழுபது வருடமாக இந்தப் புத்தகத்தை யாரும் தேடவில்லை என்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

நாவலாசிரியை என்றைக்கோ காலமாகிவிட்டார். கனடாவில் இருக்கும் மகன் அனுமதி தந்துவிட்டார், அவரிடம் பிரதி இல்லை. மதுரையில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் ஒன்று கிடைத்தது. அதில் ஒரு ஃபாரம் முழுக்கக் காணோம். 97 முதல் 112 வரை, பதினாறு பக்கம். பைண்டர் தைக்கவே இல்லை போலிருக்கிறது. பங்கஜத்தின் அப்பா யுத்தத்திலிருந்து திரும்பி வரும் அத்தியாயம், நாவலின் உயிரே அதுதானே.

நாம் லைப்ரரியில் எடுத்துத் திருப்பியே தராத முழுப் பிரதி உன்னிடம் இருக்கிறது. ஒற்றைப்படை மாதம் உன்னிடம், இரட்டைப்படை மாதம் மாடியில் என்னிடம். ஓரத்தில் நீ பென்சிலில் எழுதுவாய், நான் பச்சை மையில் பதில் எழுதுவேன். அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் கிளம்பியது உன் மாதத்தில். அதனால் உன்னிடமே நின்றுவிட்டது.

அனுப்பி வை. பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். முன்னுரையாக, போன அக்டோபரில் பத்திரிகையில் வந்த என் கட்டுரையையே போடுகிறோம். படித்தாயா?

உன்
அனு


பவானிபூர், கொல்கத்தா
18 ஜூலை 2024

அனன்யாவுக்கு,

படித்தேன்.

உன் கட்டுரையில் ஒரு அப்பா வருகிறார், துறைமுக அதிகாரி. ராஞ்சியில் ஒரு மனநல மருத்துவமனையில் நான்கு மாதம் இருக்கிறார். வீட்டார் கௌஹாத்திக்கு மாற்றல் என்று ஊரில் சொல்லி வைக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு, சொந்த வீட்டுச் சமையலறை வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று மனைவியிடம் அனுமதி கேட்கிறார். அந்த வரியோடு முடித்திருக்கிறாய். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது உனக்கு எப்போதும் தெரியும்.

அதில் துறைமுகம் மட்டும்தான் உன் அப்பாவுடையது. மற்றதெல்லாம் 103ஆம் பக்கத்தின் ஓரத்தில் என் அப்பாவைப் பற்றி நான் பென்சிலில் எழுதியது. எனக்குப் பதினான்கு வயது. உலகத்தில் ஒரே ஒருத்தி படிப்பதற்காக எழுதினேன். அவள் தன் மாதங்களில் அதைப் பெயர்த்து எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

சரி, நான் ஏமாந்தவள், அதோடு போயிருக்கும். கும்பகோணத்திலிருந்து குருபிரசாத் சித்தப்பா அந்தக் கட்டுரையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "வீரு, உங்க மாடில இருந்தாரே போர்ட் ஆபீசர், அவர் கதையாம், பாவம்" என்று அப்பாவுக்கு எழுதி. அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசி வரை படித்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அனுவுக்கு யாரு சொன்னா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

தினமும் காலையில் ஜதுபாபு பஜாருக்குப் போய், கீழ்வீட்டு வங்காளி மாமா ரஞ்சன் காக்குவோடு மண்குவளையில் டீ குடித்துவிட்டு, ஒரு கட்டுக் கீரையோடு திரும்புகிறவர். ஒன்பது மாதமாகப் போகவில்லை. ரஞ்சன் காக்கு வாசலில் நின்று, "அண்ணா, என் மேல கோபமா?" என்று வங்க மொழியில் கேட்டுவிட்டுப் போகிறார். அப்பா இப்போது மறுபடி சமையலறை வாசலில் நிற்கிறார். ஒன்றும் கேட்பதில்லை, நிற்கிறார்.

முன்னுரையை எடுத்துவிடு. எடுத்துவிட்டதாக உன் பதிப்பாளர் கையெழுத்தோடு எனக்கு ஒரு வரி வரட்டும். அடுத்த நாளே புத்தகம் கிளம்பும்.

சாதனா


சென்னை
2 ஆகஸ்ட் 2024

சாது,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மாமாவை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவர் தமிழ்ப் பத்திரிகை பக்கம் போவார் என்றே நான் நினைக்கவில்லை.

ஆனால் திருட்டு என்பதுபோல் எழுதியிருக்கிறாயே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் மறைத்தேன். உன் அப்பா என்று எழுதியிருக்கலாம், சிநேகிதியின் அப்பா என்று எழுதியிருக்கலாம். கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் என் அப்பாவின் தலையில் போட்டேன். துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த மூன்று பேர் போன் பண்ணி, "இப்போ பரவாயில்லையா சார்?" என்று விசாரித்தார்கள். அப்பா சிரித்துவிட்டு, "ராஞ்சி நல்ல க்ளைமேட்டுன்னு சொல்லி வெச்சேம்மா" என்றார். ஒரு மனிதர் இதைச் சிரித்துக்கொண்டும் தாங்கலாம், பார்.

முன்னுரையை எடுக்க முடியாது. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் முத்துக்குமார் சார் நாவலைப் போடவே சம்மதித்தார். அது இல்லையென்றால் புத்தகமே இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எதையும் யாருக்கும் காட்டாமல் வாழ்கிறவள். ஆனால் ஓரத்தில் எழுதி இன்னொருத்தி கையில் கொடுத்தது நீதான். எழுதிக் கொடுத்தது பூட்டிய அறையில் இருந்ததாக ஆகாது.

பக்கங்கள் வராவிட்டால், 'இவ்விடத்தில் பதினாறு பக்கங்கள் கிடைக்கவில்லை' என்று குறிப்புப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவோம். பங்கஜத்தின் அப்பா வீட்டுக்கு வராமலே போவார். நீ தண்டிப்பது என்னை இல்லை, அவளை.

அனு


பவானிபூர்
20 செப்டம்பர் 2024

அனன்யாவுக்கு,

நீ சொன்னது சரிதான். பங்கஜம் ஒரு தப்பும் செய்யவில்லை.

புத்தகத்தை அனுப்பவில்லை. படமெடுத்தும் அனுப்பவில்லை. உனக்கு வேண்டியது நடுவில் இருப்பது, ஓரங்கள் அல்ல. அத்தியாயத்தைத் தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழு வாரமாகிவிட்டது, மன்னிக்கவும். பள்ளியிலிருந்து வந்து தினமும் அரைப்பக்கம்தான் முடிந்தது. உட்கார்ந்து செய்யும்போது ஒன்று கவனித்தேன். பங்கஜம் 'ஆனால்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதே இல்லை. ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, கொஞ்சம் நின்று, அடுத்ததைத் தொடங்குகிறாள். அவ்வளவு சின்னப் பெண்ணிடம் அவ்வளவு அடக்கம்.

அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை பார்த்துவிடு. வருடத்துக்கு ஒரு தடவையாவது இந்த நாவலை மனதுக்குள் படித்துவிடுவேன் என்று உன் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். ஏதாவது பிசகியிருந்தால் உனக்குத்தான் தெரியும்.

முன்னுரை பற்றி நான் இனிமேல் கேட்கப் போவதில்லை.

சாதனா


சென்னை
4 அக்டோபர் 2024

என் சாது,

அலுவலகத்திலேயே உறையைப் பிரித்து, நின்றுகொண்டே படித்துவிட்டு அழுதேன். கல்பனா என்று பக்கத்து மேஜையில் ஒரு பெண், மெய்ப்புப் பார்ப்பவள். "என்ன மேடம், வீட்ல யாருக்காவது ஏதாவதா?" என்று எழுந்து வந்துவிட்டாள். அவளிடமும் கொடுத்தேன். அவளும் அழுதாள்.

எப்படி எல்லாம் அப்படியே திரும்பி வந்தது! அப்பா மலேரியாவுக்கான கொயினா மாத்திரையை விழுங்குவதுபோல் காட்டிவிட்டு, ஜன்னல் கதவின் குறுக்கு மரப்பட்டைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகி வைப்பது. அதைப் பங்கஜம் பார்த்துவிட்டும் யாரிடமும் சொல்லாதது. பிறகு அந்த விமலா! பங்கஜம் அவளுக்கு மட்டும் எழுதிய கடிதத்தைச் சரஸ்வதி பூஜையன்று பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும், தான் எழுதியதாகவே வாசித்துக் கைதட்டல் வாங்குகிறாளே. அந்த இடம் வரும்போது எனக்குப் பழைய ஆத்திரம் அப்படியே பொங்கியது.

முன்னுரையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். உனக்காக இங்கே எழுதுகிறேன்:

'விமலாவின் துரோகத்தைச் சிறுவயதில் படித்த நாளிலிருந்து நான் மறக்கவில்லை. அவள் பொல்லாதவள் அல்ல. தான் செய்வது அன்பு என்றே நினைக்கிறாள். அதனாலேயே அவளை மன்னிப்பது கடினம். தமிழ்ப் புனைகதையில் நட்பின் கயமை இவ்வளவு அமைதியாகச் சொல்லப்பட்ட இடம் வேறில்லை.'

எப்படி இருக்கிறது? சார் 'பிரமாதம்' என்றார். நன்றிப் பக்கத்தில் உன் பெயர் போடவா? நீ வேண்டாம் என்பாய். ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு வந்துவிடும்.

கோபம் போயிற்று என்று எடுத்துக்கொள்கிறேன்.

அனு


பவானிபூர்
22 ஜனவரி 2025

அனன்யாவுக்கு,

வெளியீட்டு விழாவின் காணொளியைப் பார்த்தேன். மேடையில் நீ விமலா பற்றிய பகுதியை வாசித்தாய். நன்றாக வாசித்தாய். மக்கள் கைதட்டியபோது நான் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். மொத்தம் நான்கு முறை.

இனிச் சொல்லலாம். இந்த நாவலில் விமலா என்று யாரும் இல்லை.

சரஸ்வதி பூஜையும் இல்லை, கடிதமும் இல்லை, மாத்திரையும் இல்லை. நீ அச்சடித்திருக்கும் ஒன்பதாவது அத்தியாயம் முழுக்க நான் எழுதியது. தினமும் அரைப்பக்கம், ஏழு வாரம். 'ஆனால்' வராமல் பார்த்துக்கொண்டதுதான் இருப்பதிலேயே சிரமம்.

உண்மையான பக்கங்களில் என்ன இருக்கிறது தெரியுமா? அம்மாவும் பங்கஜமும் ஹவுரா நிலையத்தில் காத்திருக்கிறார்கள். முதல் ஆறு பக்கமும் காத்திருப்பதுதான். ராணுவ ரயில் வருகிறது, அவர் இல்லை. இன்னொன்று வருகிறது. கடைசியில் அவர் இறங்கி வந்து, மகளின் தலையில் கை வைத்து, "இந்தப் பொண்ணு யாரு?" என்று மனைவியிடம் கேட்கிறார். அம்மா, "உங்களை அழைச்சிண்டு போக வந்திருக்கா" என்கிறாள். மூன்று பேரும் டிராம் ஏறுகிறார்கள். மீதிப் பக்கங்கள் முழுவதும் டிராமில் யாரும் பேசுவதில்லை.

அந்த வரியை யாராவது மறப்பார்களா? என் அப்பா ராஞ்சியிலிருந்து வந்து இறங்கிய அன்று நான் ஏன் 103ஆம் பக்கத்தின் ஓரத்தைத் தேடிப்போய் எழுதினேன் என்று நினைத்தாய்? நீ ஓரத்தைக் கமா மாறாமல் பெயர்த்து வைத்திருக்கிறாய். நடுவில் இருந்தது உனக்கு ஒரு எழுத்துக்கூட நினைவில்லை. அதை நான் ஊகித்துத்தான் இறங்கினேன். ஆனாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று அக்டோபர் வரை பயந்துகொண்டுதான் இருந்தேன். உன்னைக் கொஞ்சம் அதிகமாகவே மதித்திருக்கிறேன்.

விமலாவை உனக்காகவே செய்தேன். உன்னை அடையாளம் தெரிந்து நீ வெட்கப்படுவாய் என்று ஒரு சின்ன ஆசை இருந்தது. நீ அவளை மன்னிக்க முடியாது என்று தீர்ப்பே எழுதிவிட்டாய், உன் பெயர் போட்டு, அச்சில். நானாக இருந்தால்கூட அவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டேன்.

மூலப் பிரதி என்னிடம் இருக்கிறது. புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள், முன்னுரையோடு சேர்த்து. எப்போது சொல்ல வேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன்.

சாதனா


சென்னை
3 பிப்ரவரி 2025

சாதனா,

இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீ நினைத்தது நடந்தது, சந்தோஷப்பட்டுக்கொள்.

மூன்றாம் நாள் யோசித்தேன். நீ சொல்ல மாட்டாய். சொல்ல வேண்டுமானால் நீ வெளியே வர வேண்டும். உன் பெயர், உன் முகம், ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்வி, அதற்குப் பதிலாக மாமாவின் கதை. அந்தக் கதை வெளியே தெரியக்கூடாது என்றுதானே இத்தனையும்? உன் கையில் இருப்பது பிரயோகிக்க முடியாத ஆயுதம். நானும் யாரிடமும் சொல்லப் போவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

உனக்கு எரிய வேண்டும் என்பதற்காக இதையும் சொல்கிறேன். வந்த மதிப்புரைகள் எல்லாமே ஒன்பதாவது அத்தியாயத்தைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடுகின்றன. ஒரு கல்லூரியில் பாடமாக வைக்கக் கேட்டிருக்கிறார்கள். நீ இவ்வளவு நன்றாக எழுதுவாய் என்று உனக்கே தெரிந்திருக்காது. அதற்கு வரும் பாராட்டு முழுக்க நாவலை எழுதிய அந்த அம்மாளுக்குப் போகிறது. முன்னுரைக்கு வருவது எனக்கு. உனக்கு ஒன்றும் வராது.

உன் பெயருக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அலமாரியில் வைத்துக்கொள்.

அனன்யா


பவானிபூர்
24 பிப்ரவரி 2025

அனன்யாவுக்கு,

நீ அனுப்பிய பிரதி வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். அப்பா பிரித்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு படித்தார். முன்னுரையை ஒரே திருப்பாகத் திருப்பித் தாண்டினார். நான் விடைத்தாள் திருத்துவதுபோல் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணி இருக்கும், புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது அந்தப் புஸ்தகத்துல இல்லையே."

"எதுப்பா?"

"அவ அப்பா வர்ற இடம். ஹவுரால நின்னுண்டே இருப்பாளே. 'இந்தப் பொண்ணு யாரு?'ன்னு கேப்பானே. அது எங்கே?"

"நீங்க படிச்சிருக்கேளா?"

"லைப்ரரிக்கு உங்க ரெண்டு பேரையும் யாரு கூட்டிண்டு போனா? நீங்க கையில எடுக்கறதுக்கு முன்னாடியே படிச்சாச்சு. ராஞ்சிலேர்ந்து வந்தப்புறம் ஒரு தரம் அதைத் தேடினேன். நீங்க ஒளிச்சு வெச்சிருந்தேள்."

உள்ளேயிருந்து அம்மா, "பேப்பர் மிச்சம் பிடிக்கறேன்னு எடுத்திருப்பா" என்றாள். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாத்திரையை ஜன்னல் பட்டைக்கு நடுவுல சொருகறானே. அது உனக்கு எப்படித் தெரியும்?"

கையிலிருந்த பேனாவை மூடினேன்.

"நீ பாத்திருக்கே."

"ஆமாப்பா."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்லே."

"அனுகிட்ட?"

"இல்லே. யார்கிட்டயும் இல்லே."

"இப்போ ஊருக்கே சொல்லிட்டே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணுக்கு நான் யாரோ, எழுதிட்டா. நீயுமா என்னை எடுத்துண்டே?"

மனதில் உன்னைக் குத்த ஒரு கத்தி தேடிக்கொண்டிருந்தேன். வீட்டில் மிகக் கூர்மையாக இருந்ததை எடுத்திருக்கிறேன். எங்கிருந்து எடுக்கிறேன் என்று பார்க்கவில்லை. அந்த மாத்திரைகளை நான் ஓரத்தில்கூட எழுதியதில்லை. பதினாறு வருடம் யாருக்கும் தராததை, உன் புத்தகத்தின் நடுவில் அச்சடிக்கக் கொடுத்தேன். நான் எழுதியதிலேயே நன்றாக வந்தது அந்த இடம்தான் என்று எனக்கு அப்போதே தெரியும். உனக்கும் கட்டுரையின் கடைசி வரியை எழுதும்போது அப்படித்தான் இருந்திருக்கும்.

இதை எழுதியதற்காக நாம் ஒன்று என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

என் ஆயுதத்தைப் பிரயோகிக்க முடியாது என்று எழுதியிருந்தாய். இரண்டு வாரம் அதையேதான் யோசித்தேன். நான் வெளியே வராமல் அந்தப் புத்தகம் நிற்காது. புத்தகம் நிற்காவிட்டால், ஏதோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் என் அப்பாவின் மாத்திரைகளுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள். போன சனிக்கிழமை அப்பாவிடம், "பப்ளிஷருக்கு எழுதிடலாமாப்பா?" என்று கேட்டேன். "உன் பேரைப் போட்டு எழுது. என் பேரைப் போடாதே" என்றார்.

முத்துக்குமார் அவர்களுக்கு எழுதிவிட்டேன். ஒன்பதாவது அத்தியாயத்தை நாவலாசிரியை எழுதவில்லை, சாதனா வீரராகவன் என்ற நான் எழுதி மூலம் என்று ஏமாற்றி அனுப்பினேன் என்று. வேலை பார்க்கும் பள்ளி, வீட்டு முகவரி, எல்லாம் இருக்கிறது. முன்னுரையில் வரும் தந்தை அதை எழுதியவரின் தந்தை அல்ல என்றும், யாருடையவர் என்று நான் சொல்ல மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். ஜனவரியில் நான் தெரிவித்த பிறகும் மறைத்துவிடலாம் என்று நீ எழுதிய கடிதத்தில், என் அப்பாவைப் பற்றிய வரிகளை மறைத்துவிட்டு, மீதியை நகலெடுத்து இணைத்திருக்கிறேன். 97 முதல் 112 வரை உண்மையான பக்கங்களும் போகின்றன, ஓரங்களின் மேல் வெள்ளைத் தாளை வைத்து நகலெடுத்தவை. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் அறிவித்துக்கொள்ளட்டும். பள்ளியில் தலைமையாசிரியையிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியைக் காட்டினார். மீதியை நாளை பேசுவார்.

இந்தக் கடைசி வரிகளைத் தபால் நிலையத்தில், உன் உறையை ஒட்டும் முன் நின்றபடி எழுதுகிறேன். இரண்டு உறைகளையும் நீட்டினேன். கவுன்டரில் இருந்தவர் முகவரிகளைப் பார்த்துவிட்டு, "இரண்டுமே சென்னைதானே தீதி, இரண்டையும் ஸ்பீட் போஸ்டில் போட்டுவிடட்டுமா?" என்றார். பதிப்பாளருடையதை மட்டும் அப்படிப் போடச் சொன்னேன். உன்னுடையதற்குச் சாதாரணத் தபால் போதும் என்றேன். நீ இதைப் பிரிக்கும்போது அவர் படித்து முடித்திருப்பார்.

சாதனா